கால் சில்லிட்ட மாப்பிள்ளை

மச்சான்,

இன்று காலை ரயிலடியில் ஒரு பெங்களூர்க் குடும்பத்தை ஏற்றினேன். வண்டியில் உட்கார்ந்ததிலிருந்து அந்த ஆள் போனில் யாரையோ படபடவென்று விரட்டிக்கொண்டே வந்தார். பக்கத்தில் இருந்த அவர் மனைவி தோளைத் தட்டி, "ஹோல்டு யுவர் ஹார்ஸஸ்" என்றார். குதிரைகளைப் பிடித்துக்கொள் என்கிறாரே, நம் ஊர்த் தெருவில் குதிரை ஏது என்று எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. கண்ணாடி வழியாகப் பார்த்து, "மேடம், குதிரைன்னு சொன்னீங்களே, அதுக்கு இன்னா அர்த்தம்?" என்று கேட்டுவிட்டேன். அவர் சிரித்துக்கொண்டே, "அவசரப்படாதீங்க, கொஞ்சம் பொறுங்கன்னு அர்த்தம் பாய்" என்றார்.

கடற்கரைப் பக்கம் அவர்களை இறக்கிவிட்டு டாக்ஸி ஸ்டாண்டுக்குத் திரும்பினேன். வண்டியை நிறுத்திக் கதவைத் திறந்து இறங்கும்போதே, "மச்சான், புதுசா ஒன்னு மாட்டிச்சு" என்று சொல்லிவிட்டேன். உன் வண்டி நிற்கும் இடத்தில் வேறொரு வண்டி நின்றது. அதன் டிரைவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். ஒன்றுமில்லை என்று கையைக் காட்டிவிட்டு டீக்கடைக்கு நடந்தேன். சொல்ல வந்ததை யாரிடமாவது சொல்லியாக வேண்டும். அதனால்தான் எழுதுகிறேன்.

நீ பாகூர்ப் பக்கத்துக் கரும்புக்கொல்லையை விட்டு, ஸ்டீயரிங்கைப் பிடித்து இந்த ஊருக்கு வந்தவன். நான் இங்கேயே பிறந்தவன். எனக்கு இருந்த ஆங்கிலமும் உனக்கு இருந்த ஆங்கிலமும் ஒரே அளவுதான். பிரெஞ்சுக்காரர்கள் வந்தால் போன்ஜூர், மெர்சி என்று சொல்லி மற்றதைச் சிரிப்பால் சமாளித்துவிடுவோம். ஆங்கிலம் பேசுகிறவர்கள் நம்மை விடமாட்டார்கள். வழியெல்லாம் பேசிக்கொண்டு வருவார்கள். நான் "யெஸ் சார், யெஸ் சார்" என்று தலையாட்டிவிட்டு ரோட்டைப் பார்ப்பேன். நீயும் அப்படித்தான் இருந்தாய், அந்த செஞ்சிக்கோட்டை சவாரி வரைக்கும்.

வயதான ஒரு வெள்ளைக்காரரை நீ கோட்டைக்கு அழைத்துப் போன நாள் அது. "கோட்டை ஏறுவது கஷ்டமா?" என்று அவர் கேட்டிருக்கிறார். "நோ சார், ஈஸி" என்றிருக்கிறாய். "பீஸ் ஆஃப் கேக், தென்" என்று அவர் சொல்ல, பெரியவருக்குப் பசிக்கிறது போலிருக்கிறது என்று திண்டிவனத்தில் ஒரு பேக்கரி வாசலில் வண்டியை நிறுத்திக் கதவையும் திறந்துவிட்டாய். அவர் குழம்பி, பிறகு புரிந்து, ரோட்டோரத்தில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாராம். சுலபமான வேலைக்கு அவர்கள் அப்படிச் சொல்வார்கள் என்று விளக்கிவிட்டு, நிஜமாகவே ஆளுக்கு ஒரு துண்டு கேக் வாங்கித் தின்ன வைத்துத்தான் வண்டியை எடுக்கச் சொன்னாராம்.

நானாக இருந்தால் இதை வெளியில் சொல்லியிருக்கமாட்டேன். நீ சாயங்காலம் ஸ்டாண்டு முழுக்கச் சொல்லிச் சிரித்தாய். "இவ்ளோ நாளா அவங்க பேசறது பாதி புரியுதுன்னு நெனச்சேன் பாய். பாதி இல்ல, கால்வாசிகூட இல்ல" என்றாய். அதற்கு மறுநாளிலிருந்து ஆரம்பித்தது உன் கேள்வி. எந்தச் சவாரியாக இருந்தாலும், புரியாத பேச்சு காதில் விழுந்தால் வண்டியை ஓரம் கட்டாத குறையாக, "சார், வாட் மீனிங்?" என்று கேட்டுவிடுவாய். யாரும் உன்மேல் கோபப்பட்டதில்லை. கேட்டதைத் தாளில் எழுதி வைக்கும் பழக்கம் உனக்கு இல்லை. டீக்கடை பெஞ்சுக்கு வந்து, அதற்கு ஒரு தமிழ் கண்டுபிடித்து, எங்கள் வாயில் போட்டுவிட்டால் அது அங்கேயே தங்கிவிடும்.

வாடகையைக் கேட்ட ஒரு பயணி, "ஆன் ஆர்ம் அண்ட் எ லெக்" என்று முனகியிருக்கிறார். கையையும் காலையும் கேட்டோமா என்று நீ திகைத்துப் போய், பிறகு அர்த்தம் தெரிந்துகொண்டு வந்து, "நம்ம யானை வெல குதிர வெலதான்டா அது. அவங்களுக்குக் கை காலு, நமக்கு யானை குதிர" என்றாய். "ஒன்ஸ் இன் எ ப்ளூ மூன்" என்பதற்கு அத்தி பூத்த மாதிரி என்றாய். ரகசியம் வெளியே வந்துவிட்டால் அவர்கள் பையிலிருந்து பூனையை விடுவார்களாம். "நாம குட்ட ஒடைக்கிறோம், அவங்க பூனைய உடறாங்க" என்று நீ சொன்னதைக் கேட்டு டீக்கடைக்காரர் டீயைக் கீழே ஊற்றிவிட்டார்.

"கோல்டு ஃபீட்" வந்ததும் அப்படித்தான். விமான நிலையத்திலிருந்து லாஸ்பேட்டை வழியாக நீ ஏற்றிவந்த ஒரு வக்கீல் சொல்லிக்கொடுத்தது. கடைசி நேரத்தில் பயந்து பின்வாங்குவதற்கு அந்தப் பேர். கால் சில்லிட்டுப் போவது. நம் ஸ்டாண்டில் ஒருவர் புது வண்டிக்கு முன்பணம் கட்டப் போய், ஷோரூம் வாசலிலிருந்து திரும்பி வந்தாரே, அவரைப் பல மாதம் "கோல்டு ஃபீட்டு" என்றே கூப்பிட்டோம். அந்தச் சொல் உன்னை ஒரு மத்தியானம் முழுக்க ஆட்டி வைக்கப்போகிறது என்று அப்போது யாருக்குத் தெரியும்?

உன் மகள் கயல் லாஸ்பேட்டையில் படித்து, பெங்களூரில் வேலைக்குப் போய், கூட வேலை செய்த டாமைக் கட்டிக்கொள்கிறேன் என்று வந்து நின்றபோது நீ ஒரு வாரம் சரியாகப் பேசவில்லை. பிறகு நீயே பெங்களூருக்குப் போய் அந்தப் பிள்ளையைப் பார்த்துவிட்டு வந்தாய். "நல்ல புள்ளதான் பாய். நான் சாப்புட்டு முடிக்கிற வரைக்கும் எழுந்திருக்கல" என்றாய். அதுதான் உனக்குப் போதுமானதாக இருந்தது. உன் மனைவி அஞ்சலைக்குப் போதவில்லை. "அவன் பேசறது எனக்குப் புரியாது, நான் பேசறது அவனுக்குப் புரியாது. நான் இன்னாத்த மாமியாரா இருக்கறது?" என்று கேட்டது தங்கச்சி. அதைவிட மோசம் அதன் அண்ணன். பாகூரில் கூடிய சொந்தக்காரர்கள் முன்னால், "வெள்ளக்காரன நம்பிப் பந்தல் போடற. முகூர்த்தத்தன்னிக்கு அவன் ஏரோப்ளேன் ஏறிட்டான்னா எங்க போய் முட்டிக்குவ?" என்று உன் முகத்துக்கு நேராகவே கேட்டார். அந்தக் கேள்வி உனக்குள் எங்கேயோ போய் உட்கார்ந்துகொண்டது எனக்குத் தெரியும்.

தை மாதம் கல்யாணம். டாமும் அவன் அப்பா அம்மாவும் வந்து குருசுக்குப்பம் பக்கத்தில் ஒரு விடுதியில் தங்கினார்கள். அஞ்சலை அவர்களுக்கு வகைவகையாகச் சமைத்து அனுப்பியது. டாமிடம் மட்டும் ஒரு வார்த்தை பேசவில்லை. அவன் கும்பிட்டால் தலையைத் திருப்பிக்கொண்டு சமையலறைக்குப் போய்விடும்.

கல்யாணத்துக்கு முந்தின நாள். டாமின் அம்மா ஜூடித்தையும் அப்பாவையும் பட்டு வேட்டி வாங்க என் வண்டியில் ஜவுளிக்கடைக்கு அழைத்துப் போனோம். நீ முன்சீட்டில், என் பக்கத்தில். காந்தி வீதி திரும்பும்போது ஜூடித் அம்மா தன் புருஷனிடம் குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "டாம் ஹேஸ் காட் கோல்டு ஃபீட், புவர் திங்." அதற்கு அவர், "டோன்ட் டெல் தெம். ஹீ வில் பி ஆல்ரைட்" என்றார்.

நான் உன்னைப் பார்த்தேன். நீ நேரே ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாய். உன் கை மட்டும் சீட் பெல்ட்டை இறுக்கிப் பிடித்திருந்தது. அவர்களைக் கடைக்குள் அனுப்பிவிட்டு வந்து வண்டிக் கதவைச் சாத்தினாய்.

"கேட்டியா பாய்?"

"கேட்டேன்."

"எங்ககிட்ட சொல்லாதன்னு அந்தாளு சொன்னாரே, அதயும் கேட்டியா?"

"கேட்டேன் மச்சான்."

"அர்த்தம் ஒன்னுதானே? வேற எதுனா இருக்குமா?"

வேறு அர்த்தம் இருக்கக்கூடாதா என்று நானும் தேடினேன். எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். பாகூரிலிருந்து சொந்தக்காரர்கள் வேனில் கிளம்பிவிட்டதாக அந்த நேரம் பார்த்து உன் மச்சினரிடமிருந்து போன் வந்தது. "வாங்க, வாங்க" என்று பேசினாய். குரல் ஆடவில்லை. போனை வைத்த பிறகுதான் முகத்தைத் துடைத்துக்கொண்டாய்.

"அஞ்சலகிட்ட சொல்லட்டுமா?" என்று நான் கேட்டேன்.

"வேணாம். யார்கிட்டயும் வேணாம். வண்டிய எடு. அவங்க துணி எடுத்து முடிக்கறதுக்குள்ள அந்தப் புள்ளகிட்டயே போய்க் கேட்டுடறேன்."

"போய் இன்னான்னு கேப்ப?"

"எப்பவும் கேக்கறதுதான். வாட் மீனிங்னு."

விடுதிக்குப் போகும் வழியெல்லாம் நீ வாய்க்குள் ஆங்கிலத்தை முணுமுணுத்துக்கொண்டே வந்தாய். நான் வேண்டுமென்றே மெதுவாக ஓட்டினேன். உனக்கு இன்னும் கொஞ்சம் நேரம் கிடைக்கட்டும் என்று.

அறைக் கதவு சாத்தியிருக்கவில்லை. கட்டில்மேல் பெட்டி திறந்து கிடந்தது. துணிகளெல்லாம் வெளியே இழுத்துப் போட்டிருந்தன. டாம் கழுத்துவரை போர்த்திக்கொண்டு கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தான். அந்தப் பெட்டியைப் பார்த்ததும் நான் வாசலிலேயே நின்றுவிட்டேன். நீ உள்ளே போய் அவன் எதிரே நின்றாய்.

"டாம். யூ ஹேவ் கோல்டு ஃபீட்?"

அவன் வெட்கப்பட்டதுபோல் தலையைக் குனிந்தான். "யெஸ். சின்ஸ் மார்னிங். மம் டோல்டு யூ?"

நீ அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாய். மச்சான், உன்னோடு எத்தனையோ வருஷம் பழகியிருக்கிறேன். உன் முகத்தை அப்படி நான் பார்த்ததில்லை. ஆனால் நீ கத்தவில்லை. வண்டியில் கோத்து வைத்திருந்த ஆங்கிலத்தை ஒவ்வொரு சொல்லாக எடுத்து அவன் முன்னால் வைத்தாய். "நோ ப்ராப்ளம். யூ டோன்ட் வாண்ட், யூ கோ. ஐ நோ ஆங்ரி. மை பீப்புள், ஐ வில் சே சம்திங். பட் யூ டெல் கயல். யூ, நேரா… ஃபேஸ் டு ஃபேஸ். நாட் டெலிபோன். ஷீ இஸ் குட் கேர்ள்."

டாம் உன்னையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தான். அவனுக்குக் கொஞ்சம் கொஞ்சமாக விளங்கியது அவன் முகத்திலேயே தெரிந்தது. திடீரென்று போர்வையை விலக்கிக் காலை நீட்டினான். ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு சாக்ஸ். அதையும் கழற்றி, வெளுத்துப்போயிருந்த பாதத்தைக் காட்டி, "மை ஃபீட்! மை ஃபீட் ஆர் கோல்டு! ரியலி கோல்டு!" என்றான்.

விடியலில் குப்பத்துக் கட்டுமரக்காரர்களோடு கடலுக்குப் போயிருக்கிறான். அலையில் முழுக்க நனைந்து, ஈரத்துணியோடு காற்றில் நின்று, குளிர்ஜுரம் வந்துவிட்டது. பெட்டியைக் கலைத்தது சாக்ஸ் தேடி. கல்யாணத்துக்கு முந்தின நாள் பெண் வீட்டாரைப் பயமுறுத்த வேண்டாம் என்றுதான் அவன் அப்பா சொல்லாதே என்றிருக்கிறார்.

நீ குனிந்து அவன் பாதத்தைத் தொட்டுப் பார்த்தாய். "ஐஸு பாய்! நெசமாவே ஐஸு!" என்று என்னைப் பார்த்துக் கத்தினாய். அப்புறம் நீ சிரித்த சிரிப்பில் விடுதிக்காரர் ஓடி வந்து எட்டிப் பார்த்தார். டாமும் சிரித்தான், பல் கிடுகிடுக்க. சிரித்து ஓய்ந்த பிறகு அவன் கண் கலங்கியிருந்தது. அவன் சொன்னதில் எனக்குப் புரிந்தது இவ்வளவுதான்: நான் போய்விடுவேன் என்று நினைத்தும் என்னைத் திட்ட நீங்கள் வரவில்லையே. நீ "கோயிங் நோ?" என்று மட்டும் கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டாய். "நோ கோயிங்" என்றான். பிறகு தயங்கித் தயங்கி இன்னொன்றும் சொன்னான். கல்யாணத்துக்குப் பயமில்லை, கயலின் அம்மாவை நினைத்தால்தான் பயம், அவர் என்னிடம் பேசுவதே இல்லை என்று.

நீ என்னைப் பார்த்தாய். "தேங்காய்த்திட்டு வீட்டுக்குப் போ. அஞ்சலய இட்டுகினு வா. மாப்புளைக்கு ஜுரம்னு மட்டும் சொல்லு."

அஞ்சலை பந்தலில் வாழைமரம் கட்டுவதைப் பார்த்துக்கொண்டிருந்தது. ஜுரம் என்றதும் வேறெதுவும் கேட்கவில்லை. மிளகு ரசத்தைத் தூக்கில் ஊற்றி, கல்லுப்பைத் துணியில் முடிந்து எடுத்துக்கொண்டு வண்டியில் ஏறிவிட்டது. கடலில் நனைந்ததால் வந்த ஜுரம் என்று வழியில் சொன்னேன். அறைக்குள் நுழைந்து, விடுதிச் சமையற்கட்டில் அந்த மூட்டையைச் சூடாக்கி வாங்கி, தரையில் உட்கார்ந்து, அவன் காலைத் தன் மடியில் இழுத்து வைத்துக்கொண்டு ஒத்தடம் கொடுத்தது. அவன் பதறிக் காலை இழுக்கப் பார்த்தான். "சும்மா இருடா. கடல்ல போயி ஊறிட்டு வந்துகினு! ஒன்ன யாரு படகுல ஏறச் சொன்னது? நாளைக்கித் தாலி கட்டணும்னு நெனப்பு இருக்குதா ஒனக்கு? ரசத்த மொதல்ல குடி" என்று அது பாட்டுக்குத் திட்டிக்கொண்டே போனது. அவன் எல்லாவற்றுக்கும் "ஆமாம்மா, ஆமாம்மா" என்றான். அவனுக்குத் தெரிந்த தமிழ் அப்போது அவ்வளவுதான். ஆனால் அன்றைக்கு அவர்கள் இருவரும் பேசியதில் புரியாதது எதுவும் இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை. நாம் இருவரும் வராந்தாவில் நின்று கேட்டுக்கொண்டிருந்தோம். நீ சட்டையின் கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாய்.

மறுநாள் தாலி கட்டினான். மத்தியானப் பந்தியில் ஜூடித் அம்மா, "யூ மஸ்ட் சே சம்திங்" என்று உன்னை எழுப்பிவிட்டார். நீ வேட்டியைச் சரிசெய்துகொண்டு எழுந்து நின்று பேசினாயே, அதை இன்றைக்கும் ஸ்டாண்டில் சொல்வேன். "இங்லீஷ் பீப்புள், மேரேஜ் மீன்ஸ் டை த நாட். ஒன் நாட். தமிழ் பீப்புள், த்ரீ நாட். வெரி டைட்." டாமின் அப்பா மேசையைத் தட்டிச் சிரித்தார். உன் மச்சினருக்கு ஒரு வார்த்தை புரியவில்லை. அவரும் சிரித்தார். பிறகு பாயசம் பரிமாறும்போது அவர் டாமின் இலையில் இரண்டு கரண்டி கூடுதலாக ஊற்றியதை நான் பார்த்தேன்.

அதற்கப்புறம் பண்டமாற்று மாதிரி ஆகிவிட்டது. டாம் போன் செய்தால் நீ அவனிடம் ஆங்கிலத்துக்கு அர்த்தம் கேட்பாய். அவன் உன்னிடம் தமிழுக்குக் கேட்பான். காது குத்துகிறார்கள் என்றால் ஏமாற்றுகிறார்கள் என்று ஏன் அர்த்தம், வயிற்றில் பால் வார்த்தார்கள் என்றால் என்ன என்று. நீ டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு தெருவுக்கே கேட்கும்படி அவனுக்கு விளக்கம் சொல்வாய்.

போன மழைக்காலத்துக்கு முன்னால் நீ போனாய். நோயில் கிடக்கவில்லை, யாரையும் படுத்தவில்லை. மத்தியானம் சாப்பிட்டுப் படுத்தவன் எழுந்திருக்கவில்லை. கயலும் டாமும் மறுநாள் வந்துசேர்ந்தார்கள். எல்லாம் முடிந்து ஆட்கள் கலைந்த பிறகு டாம் என் வண்டியில் வந்து உட்கார்ந்தான், முன்சீட்டில். எங்கே போக வேண்டும் என்று கேட்டேன். எங்கேயும் இல்லை என்று தலையாட்டினான். பிறகு நம் ஊர்ப் பேச்சிலேயே, "கை ஒடிஞ்ச மாரி இருக்குது பாய்" என்றான். அதை அவனுக்கு நீதான் சொல்லிக்கொடுத்திருப்பாய். எதற்கோ விளையாட்டாகச் சொல்லிக்கொடுத்திருப்பாய். அதற்கு ஆங்கிலத்தில் என்ன சொல்வார்கள் என்று நான் அவனிடம் கேட்கவில்லை. இருவரும் வண்டியிலேயே உட்கார்ந்திருந்தோம்.

இப்போது அஞ்சலை நன்றாக இருக்கிறது. கயலோடு ஒரு மாதம், இங்கே ஒரு மாதம். நானும் நன்றாகத்தான் இருக்கிறேன் மச்சான். முட்டிவலிதான் கொஞ்சம். ஆங்கிலம் உன் அளவுக்கு எனக்கு வராது. கேட்டதில் பாதி மறந்துவிடுகிறது. ஆனால் உன்னிடமிருந்து ஒன்று ஒட்டிக்கொண்டுவிட்டது. புரியாததை வாய்விட்டுக் கேட்பது.

என் தம்பியை உனக்குத் தெரியும், பெரிய மார்க்கெட்டில் செருப்புக்கடை வைத்திருக்கிறான். எங்களைப் பெற்ற அத்தாவின் நினைவுக்குப் பாத்திஹா ஓதிய அன்று எல்லார் முன்னாலும், "அண்ணனுக்கு வீட்ட விட ஸ்டாண்டுதான் பெருசு" என்று அவன் சொன்னதை யாரோ என்னிடம் வந்து சொன்னார்கள். அன்றிலிருந்து நான் அவன் கடைப்பக்கம் போவதில்லை. போன வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்ததும் நேரே அவன் வீட்டுக்குப் போனேன். அவன் சாப்பிட உட்கார்ந்திருந்தான். நின்றுகொண்டே கேட்டேன்.

"நீ அன்னிக்கு சொன்னியே, எனக்கு ஸ்டாண்டுதான் பெருசுன்னு. அதுக்கு இன்னாடா அர்த்தம்?"

அவன் கையைச் சோற்றில் வைத்தபடியே என்னை நிமிர்ந்து பார்த்தான். "அர்த்தமா? அன்னிக்கு நீ வரவே இல்ல. பந்தி முடியற வரைக்கும் வாசலயே பாத்துகினு இருந்தேன். அதான் அர்த்தம்."

"அவ்ளோதானா?"

"அவ்ளோதான். ஒக்காருண்ணே, சோறு ஆறுது."

உட்கார்ந்தேன்.